கிட்டங்கிக் கச்சேரியில் ஒரு தலை குறைந்தது

மில்லில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

எனக்கு எழுத வராது. மூன்றாம் வகுப்போடு என் படிப்பை நிறுத்திவிட்டார்கள். எங்கே புள்ளி வைப்பது, எங்கே விடுவது என்பதில் இன்றைக்கும் குழப்பம்தான். போதாததற்கு மறதி வேறு. முன்னால் சொல்ல வேண்டியது பின்னாலும், பின்னால் சொல்ல வேண்டியது முன்னாலும் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மேடையில் ஏறிப் பேசச் சொல்லித்தான் முதலில் கேட்டார்கள். நாலு பேர் என் முகத்தைப் பார்த்தால் எனக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். அதனால் எழுதித் தருகிறேன் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். எழுத உட்கார்ந்த பிறகுதான் இது அதைவிடக் கஷ்டம் என்று தெரிகிறது.

ரீலிங்கில் நூலை எப்படிச் சுற்றுவது, அறுந்தால் எப்படி முடிவது என்பதையெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அதை உங்கள் மெஷினே ஒரு வாரத்தில் சொல்லிக்கொடுத்துவிடும். மெஷின் சொல்லித் தராத ஒன்றைச் சொல்கிறேன். ஆள் எண்ணுவதைப் பற்றி. நான் ஒரு நாள் தப்பாக எண்ணினேன். தெரிந்தே தப்பாக எண்ணினேன். அது ஒரு கச்சேரியன்று நடந்தது.

அதற்கு முன்னால் எங்கள் ஷெட்டின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

நான் சேர்ந்த காலத்தில் ராஜபாளையத்தில் மில்லே புதிது. ரீலிங் ஷெட்டில் எல்லா மெஷினுக்கும் மேலே ஒரே இரும்புத் தண்டு சுற்றும். அதிலிருந்து மெஷினுக்கு ஒரு தோல் பெல்ட்டு இறங்கும். இப்போது இருப்பது போல மறைப்பு, கம்பி வலை எதுவும் கிடையாது. சத்தமோ, பக்கத்தில் நிற்பவளின் வாயைப் பார்த்துத்தான் அவள் என்ன சொல்கிறாள் என்று தெரிந்துகொள்ள வேண்டும். நான் சேருவதற்கு முந்திய வருஷம் ஒருத்தியின் முந்தானையைப் பெல்ட்டு பிடித்து இழுத்துவிட்டது. அவள் கத்தியது ஒருவர் காதிலும் விழவில்லை. பெல்ட்டு தாறுமாறாக அடிப்பதை ஃபிட்டர் ஒருவர் தற்செயலாகப் பார்த்துத் தண்டை நிறுத்தினார். சத்தம் நின்ற பிறகும் மற்றவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. காது இரைகிறது, ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். யாரைக் காணோம் என்று தெரிவதற்குள் காரியம் முடிந்துபோயிற்று.

அதற்குப் பிறகு மேஸ்திரி அக்கா ஒரு சட்டம் போட்டார். அவர் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர், வேதக்காரர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடுகிறவர், மற்ற ஆறு நாளும் எங்களை வைகிறவர். அவர் சொன்னது இதுதான்:

"சத்தம் சொல்லாமக் கொள்ளாம நின்னா, கையில இருக்கிறத விடு. உக்காந்திருந்தா எந்திரி. பக்கத்துக்காரி தலையைத் தொடு. நம்பரைச் சொல்லு. காது இரையும்ட்டி, கேக்காது. அதனால தொட்டுத்தான் சொல்லணும்."

முதல் ஆள் இரண்டாம் ஆளின் தலையைத் தொட்டு 'ஒண்ணு' என்பாள். அவள் அடுத்தவளைத் தொட்டு 'ரெண்டு' என்பாள். இப்படியே போய்க் கடைசி ஆள் மொத்தத்தை உரக்கச் சொல்ல வேண்டும். எங்கள் ஷிப்டில் இருபத்துநாலு பேர். அந்தக் கடைசி ஆள் நான்.

"வாயே தொறக்காதவளப் போயி கடைசியில போட்டிருக்கீகளே அக்கா" என்று செட்டியார்பட்டி பேச்சி கேட்டாள்.

"அதுக்குத்தான் போட்டேன். நீ கடைசியில நின்னா மொத்தத்தோட சேத்து ஊர்க்கதையும் சொல்லுவ" என்றார் அக்கா.

மாதத்தில் இரண்டு தடவை ஃபிட்டரிடம் ரகசியமாகச் சொல்லித் தண்டை நிறுத்தவைப்பார். நாங்கள் தலையைத் தொட்டு எண்ணுவோம். அது எங்களுக்குத் தும்மல் மாதிரி ஆகிவிட்டது. யோசித்துச் செய்கிற வேலையாக இல்லை.

இப்போது கச்சேரிக்கு வருகிறேன்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த நேரம். அரிசிக்குக் கார்டு வைத்திருந்தோம். எங்கள் மில் நூல் பட்டாளத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. வெள்ளைக்காரப் பட்டாளத்தில் ஒரு வாத்தியக் கூட்டம் இருக்கிறது, நாற்பது பேர், எல்லாரும் ஊரில் இருந்தபோது பெரிய பெரிய சபையில் வாசித்தவர்கள், இப்போது முகாம் முகாமாகப் போய் வாசிக்கிறார்கள், ஸ்ரீவில்லிபுத்தூரில் தங்கியிருக்கிறார்கள், நம் மில்லுக்கும் வரப்போகிறார்கள் என்று சொன்னார்கள். பட்டாள அதிகாரி, தொழிலாளர்களும் கேட்கட்டும் என்று சொல்லிவிட்டாராம். அன்று மத்தியானம் இரண்டு மணிக்கே மெஷினை நிறுத்திவிடுவோம், எல்லாரும் வர வேண்டும், வராதவர்கள் பேர் குறிக்கப்படும் என்று உத்தரவு.

பஞ்சுப் பேல்களை அடுக்கி வைக்கும் கிட்டங்கியில்தான் கச்சேரி. பேல்களையெல்லாம் ஒரு பக்கம் ஒதுக்கி, விருந்தாளிகளுக்கு நாற்காலியும் எங்களுக்குத் தரையில் கோணிப் படுதாவும் போட்டார்கள். வாத்தியக்காரர்கள் உட்காருவதற்கு அந்தக் கோடியில் பலகை அடித்தார்கள். அவர்களுக்குப் பின்னால் இருந்த சுவருக்கு அந்தப் பக்கம்தான் வேஸ்ட் ரூம். ஷெட்டில் விழுகிற கழிவுப் பஞ்சையும் நூலையும் மூட்டையாகக் கட்டி உத்தரம் வரைக்கும் அடுக்கி வைத்திருக்கும் அறை.

மெஷின் நின்றதும் ரங்கம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். வரிசையில் அவள் இருபத்துமூன்று, எனக்கு முந்திய ஆள். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். மெஷினில் அவள் கையைப் பார்த்துத்தான் நான் தொழில் பழகினேன். ஒரே தூக்குச்சட்டியில் சாப்பிடுவோம்.

"செல்லம், நான் வரல. செத்த நேரம் வேஸ்ட் ரூம்ல சாஞ்சுக்கிடுதேன். முதுகு உடையுது."

"பேரைக் குறிச்சிருவாக ரங்கம்மா."

"என்னையும் சேத்து எண்ணிரு. நீதான கடைசி ஆளு."

அவள் முந்தானையை விலக்கி வயிற்றைக் காட்டினாள். ஆறு மாதம். எனக்கு ஏற்கெனவே தெரியும். வேஸ்ட் பஞ்சு அள்ளுகிற சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு அவள் மறைத்துவந்தது எனக்கு மட்டும்தான் தெரியும். தெரிந்தால் ரோலில் இருந்து பேரை அடித்துவிடுவார்கள். அவள் புருஷன் நாலு மாதத்துக்கு முன்னால் வேலை தேடி வடக்கே போனவன், அதற்குப் பிறகு ஒரு கடிதாசும் இல்லை. அவள் சம்பளத்தில்தான் மாமியாரும் இரண்டு பிள்ளைகளும்.

"அங்கன மானேஜர் சம்சாரம் எதுத்தாப்புல உக்காந்திருப்பா. சாக்கக் கட்டிக்கிட்டா கச்சேரிக்குப் போக முடியும்? அவ கண்ணுல பட்டா முடிஞ்சுச்சு" என்றாள்.

"மேஸ்திரி அக்காட்ட மட்டும் சொல்லிருவமா?"

"வத்து, வத்து." வேண்டாம் என்பதை அவள் அப்படித்தான் சொல்லுவாள். "அவியளுக்குத் தெரிஞ்சா அவிய மானேஜர்ட்டச் சொல்லியாகணும். ஒரே ஒரு வாட்டி, செல்லம்."

கிட்டங்கி வாசலில் ஒரே நெரிசல். மானேஜர் காகிதத்தோடு நின்றார். மேஸ்திரி அக்கா என்னைப் பார்த்து, "ஏட்டி, எம்புட்டு?" என்றார்.

"இருபத்துநாலு" என்றேன்.

வாழ்க்கையிலேயே அவ்வளவு சத்தமாக நான் அதுவரை ஒன்றும் சொன்னதில்லை. அக்காவுக்கே ஆச்சரியம். "பரவால்லயே, குரல் வந்துருச்சு" என்று முதுகில் தட்டிக்கொடுத்தார். அந்தத் தட்டு இன்றைக்கும் என் முதுகில் இருக்கிறது.

உள்ளே வரிசைப்படியே உட்கார்ந்தோம். பேச்சிக்கும் எனக்கும் நடுவில் ரங்கம்மாவின் இடம். தெரியாமல் இருக்கக் காலை அகட்டி உட்கார்ந்துகொண்டேன். பேச்சி கேட்டதற்கு, ரங்கம்மா வெளியே போயிருக்கிறாள், வந்துவிடுவாள் என்றேன்.

காக்கி உடுப்புப் போட்ட வெள்ளைக்காரர்கள் வரிசையாக வந்தார்கள். பிடில் மட்டும் பத்துப் பதினைந்து. ஆள் உயரத்துக்குப் பிடில் ஒன்று, அதை நின்றுகொண்டு வாசிக்கிறார்கள். மடக்கி மடக்கிச் செய்த பித்தளைக் குழல்கள். அண்டாவைக் கவிழ்த்தது போன்ற முரசுகள். அத்தனை பேருக்கும் முன்னால், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கையில் சிறு குச்சியோடு ஒரு கிழவர் வந்து நின்றார்.

மில் ரைட்டர் எழுந்து எங்களுக்குத் தமிழில் சொன்னார்: "இப்ப வாசிக்கப்போறது பழைய சங்கீதம் இல்ல. இந்தக் காலத்துல எழுதினது. எழுதினவர் இன்னும் உசுரோட இருக்காராம். நீங்க இதுக்கு முன்னால கேட்ட எதுமாதிரியும் இருக்காதாம். யாரும் சிரிக்கப்படாது."

ஆரம்பித்தார்கள்.

பிள்ளைகளே, அதை எப்படிச் சொல்லுவது என்று எனக்குத் தெரியவில்லை. நாங்கள் கேட்டிருந்த பாட்டு என்றால் கோயில் மேளம், கலியாண நாயனம், சர்ச் ஆர்மோனியம், டாக்கியில் வருகிற பாட்டு. இது எதிலும் சேரவில்லை. ஒருத்தர் ஒரு பக்கம் போகிறார், இன்னொருத்தர் எதிர்ப்பக்கம் போகிறார், இரண்டும் இடித்துக்கொள்கின்றன, இடித்த இடத்திலேயே நிற்கின்றன. காது கூசியது.

"ஏட்டி செல்லம்," என்று பேச்சி என் பக்கம் சாய்ந்தாள். "அம்புட்டுப் பேரும் சேந்து தப்பா வாசிக்காகளே, அந்தக் குச்சிக்காரரு ஒரு அதட்டுப் போடப்படாது?"

பின்னால் இருந்து ஒருத்தி, "பேரிங்குக்கு எண்ணெய் போட மறந்துட்டாகடி" என்றாள். வரிசையே குலுங்கியது.

மேஸ்திரி அக்கா திரும்பினார். "சர்ச்சுல பாடுதவ எனக்கே இது புரியல. உங்களுக்கு என்னட்டி புரிஞ்சுபோச்சு சிரிக்கதுக்கு? வாய மூடுங்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை, பயமாக இருந்தது. கொஞ்ச நேரம் போகப் போக அந்தச் சத்தம் எனக்குத் தெரிந்த சத்தமாக மாறியது. அடியில் ஆள் உயரப் பிடில்கள் ஒரே சீராக இரைந்துகொண்டிருந்தன. எங்கள் தண்டு சுற்றுகிற இரைச்சல் அது. மேலே பித்தளைக் குழல்கள் பெல்ட்டு மாதிரி அடித்துக்கொண்டன. நாங்கள் தினம் பத்து மணி நேரம் அதற்குள் நின்று நின்று, கடைசியில் காதில் விழாமலே போய்விட்ட சத்தத்தை, கடல் தாண்டி எங்கிருந்தோ வந்த ஆள்கள் எடுத்து எங்கள் முன்னால் வைத்துக் கேள் என்றார்கள். நாங்கள் இதற்குள்ளா இருக்கிறோம் என்று தோன்றியது.

பெரிய முரசை அடித்தபோது பின்சுவரே அதிர்ந்தது. ஜன்னல் கம்பி கிணுகிணுத்தது. அதற்குப் பிறகு, அவ்வளவு இரைச்சலுக்கும் நடுவே மெல்லிசாக ஒரு சத்தம் கேட்டது. பிடில் கம்பியின் கடைசி நுனியில் வில்லை வைத்து இழுத்தாற்போல இருந்தது. விட்டு விட்டு மூன்று தடவை. எந்த ஆளின் கை அசைகிறது என்று தேடினேன். கண்டுபிடிக்க முடியவில்லை. இத்தனை விசித்திரமான சத்தங்களில் அதுவும் ஒன்று என்று இருந்துவிட்டேன்.

பேச்சியிடம், "இது மட்டும் நல்லாருக்கு" என்றுகூடச் சொன்னேன்.

பிறகு இரைச்சல் ஏறிக்கொண்டே போயிற்று. இனிமேல் ஏற முடியாது என்கிற இடம் வரைக்கும் ஏறியது. கிழவரின் குச்சி உயரே போனது. அப்படியே நின்றது.

சத்தம் நின்றுவிட்டது. சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டது.

பாட்டு முடியவில்லை. பாட்டுக்கு நடுவில் அப்படி ஓர் அமைதி எழுதி வைத்திருந்தார்களாம். அது எங்களுக்கு எப்படித் தெரியும்? நாற்பது பேரும் வாத்தியத்தை வைத்த இடத்தில் வைத்தபடி மூச்சுக்கூட விடாமல் இருந்தார்கள். எனக்குக் காது இரைந்தது. எங்கள் வரிசை முழுவதும் எழுந்து நின்றது. யாரும் யாருக்கும் சொல்லவில்லை. முதல் ஆள் கையை நீட்டிவிட்டாள்.

"ஒண்ணு!"

"ரெண்டு!"

"மூணு!"

நாற்காலிகளெல்லாம் திரும்பின. மானேஜரின் முகம் வெளுத்தது. "உக்காருங்க! என்ன எழவு இது, உக்காருங்க!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். யாரோ சிரித்தார்கள். வாத்தியக்காரக் கிழவர் உயர்த்திய குச்சியோடு எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார். எங்களால் நிறுத்த முடியவில்லை. கை பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. பன்னிரண்டு, பதின்மூன்று. எனக்கு அப்போதுதான் உறைத்தது, இது என்னிடம் வந்து முடியப்போகிறது என்று.

இருபது. இருபத்தொன்று.

பேச்சி, ரங்கம்மாவின் தலை இருக்க வேண்டிய உயரத்துக்குக் கையை நீட்டினாள். கை காற்றைத் தொட்டது. அவள் திகைத்துப்போய் என்னைப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் எட்டி என் தலையைத் தொட்டு, "இருபத்திரெண்டு" என்றாள். கேட்டது எனக்கு மட்டும்தான்.

மேஸ்திரி அக்கா என்னைப் பார்த்தார். கிட்டங்கியில் இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். வெள்ளைக்காரர்கள், முதலாளி வீட்டார், மானேஜரின் சம்சாரம் எல்லாரும்.

இருபத்துநாலு என்று சொன்னால் முடிந்தது. சிரித்துவிட்டு உட்கார்ந்துகொள்வோம். ரங்கம்மா படுத்திருப்பாள். இருபத்துமூன்று என்று சொன்னால் அவள் வேலை போகும், என் வேலையும் போகும், இத்தனை பேர் நடுவே நான் பொய்க்காரி ஆவேன். அவளுக்கு ஆபத்து என்று அந்த நிமிஷம் எனக்குத் தெரியாது. அதை நீங்கள் நம்ப வேண்டும். தெரிந்து சொன்ன புத்திசாலி இல்லை நான்.

வாசலில் நான் பொய் சொன்னபோது யாரும் யார் தலையையும் தொடவில்லை. வெறும் வாயால் சொன்னேன், சுலபமாக வந்தது. இப்போது பேச்சியின் கை ஒரு காலியிடத்தைத் தாண்டி வந்து என் தலையில் இருந்தது. அந்தக் கை அங்கே இருக்கும்போது எனக்கு அந்தப் பொய் வரவில்லை. அவ்வளவுதான்.

"இருபத்துமூணு" என்றேன்.

"என்னட்டி சொன்ன?"

"இருபத்துமூணு அக்கா. ரங்கம்மா இல்ல. வேஸ்ட் ரூம்ல இருக்கா."

அக்கா ஒரு கேள்விதான் கேட்டார். "உடம்புக்கு என்ன அவளுக்கு?"

"ஆறு மாசம்."

வாசலில் நின்ற வாட்ச்மேன் கையைத் தலையில் வைத்தார். "அய்யய்யோ, விருந்தாளி கண்ணுல குப்பை படப்படாதுன்னு நான் அதப் பூட்டிட்டேனே!"

மானேஜர் இடையில் வந்தார். "கச்சேரி முடியட்டும். பொறவு தொறக்கலாம். மானத்த வாங்காதீக."

"மானத்தப் பொறவு வாங்கிக்கிடலாம் ஐயா. சாவியக் குடுங்க" என்றார் அக்கா. கொடுக்கும்வரை நிற்கவில்லை. வாட்ச்மேன் இடுப்பில் இருந்து அவரே பிடுங்கிக்கொண்டு ஓடினார். நாங்கள் பின்னால் ஓடினோம்.

கதவைத் திறந்தால் ஆளைக் காணோம். அடுக்கு சரிந்து தரை முழுக்க மூட்டை. சுவர் அதிர்ந்ததால் சரிந்தது என்று பிற்பாடு சிலர் சொன்னார்கள். அடுக்கினதே கோணல் என்று சிலர் சொன்னார்கள். எனக்குத் தெரியாது. பேச்சி மூட்டைகளை இழுத்து எறிந்தாள். முரசு அடித்த வெள்ளைக்காரரும் இன்னும் இரண்டு பேரும் வந்து சட்டையைச் சுருட்டிக்கொண்டு இழுத்தார்கள். முதலில் ஒரு கை தெரிந்தது. கதவுப் பக்கமாக நீட்டிய கை. வளையல் நொறுங்கி மணிக்கட்டில் குத்தியிருந்தது. முகத்தின் மேல் கிழிந்த மூட்டை ஒன்று. அக்கா அவள் வாய்க்குள் விரலை விட்டுப் பஞ்சைத் தோண்டித் தோண்டி எடுத்தார். கன்னத்தில் அறைந்தார். இரண்டாவது அறைக்கு ரங்கம்மா இழுத்து ஒரு மூச்சு விட்டாள்.

சேலை நனைந்து சிவந்திருந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூர் மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். வாத்தியங்கள் வந்த பட்டாள லாரியைக் கொடுத்தார்கள். ஆள் உயரப் பிடிலுக்குப் போடுகிற மெத்தை உறையை விரித்து அதில் படுக்கவைத்தார்கள். அக்கா ஏறினார். நானும் சக்கரத்தில் காலை வைத்தேன்.

"நீ எறங்கு."

"அக்கா..."

"வாசல்ல எம்புட்டு சொன்ன?"

"இருபத்துநாலு."

"போயி உன் எடத்துல உக்காரு. நான் வந்து கேக்கும்போது, என்ன நடந்துச்சுன்னு முதல்ல இருந்து சொல்லணும்."

லாரி போய்விட்டது.

திரும்பிக் கிட்டங்கிக்குள் வந்தோம். விருந்தாளிகள் பாதிப் பேர் கிளம்பிவிட்டார்கள். வாத்தியக்காரக் கிழவர் மட்டும் அதே இடத்தில் நின்றார். ரைட்டரைக் கூப்பிட்டு, இவர்கள் ஏன் எழுந்து எண்ணினார்கள் என்று கேட்டார். ரைட்டர் எங்கள் வழக்கத்தைச் சொன்னார். கிழவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு ஏதோ சொன்னார்.

"பாதியில விட்டுட்டுப் போக மாட்டாராம். முதல்ல இருந்து வாசிக்காகளாம்" என்றார் ரைட்டர். "அந்த எடம் வரும்போது நீங்க எந்திரிச்சு எண்ணுனாலும் சரிதான்னு சொல்லுதாரு."

மறுபடியும் ஆரம்பித்தது. இந்தத் தடவை ஒருத்திகூடச் சிரிக்கவில்லை. அதே இரைச்சல், அதே இடிப்பு. பெரிய முரசு விழுந்தது, சுவர் அதிர்ந்தது. அதற்குப் பிறகு அந்த மெல்லிசான சத்தம் வர வேண்டும். நான் நல்லாருக்கு என்று சொன்ன சத்தம். காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன்.

அது வரவில்லை.

இரைச்சல் ஏறிக்கொண்டே போயிற்று. இன்னும் வரும், இன்னும் வரும் என்று பார்த்தேன். குச்சி உயரே போய் நின்றது. அமைதி வந்துவிட்டது. முதல் தடவை நான் கேட்டது பிடில்தானா என்று அப்போதுதான் தோன்றியது.

அந்த அமைதியில் யாரும் எழவில்லை. எண்ணவும் இல்லை. ஆனால் முதல் ஆளில் தொடங்கி ஒவ்வொருத்தியும் பக்கத்துத் தலையில் கையை வைத்தாள். பேச்சியின் கை காலியிடத்தைத் தாண்டி என் தலைக்கு வந்தது. கடைசி ஆளுக்குத் தொடுவதற்குத் தலை கிடையாது. நான் என் கையை மடியிலேயே வைத்துக்கொண்டேன்.

ரங்கம்மா பிழைத்தாள். வயிற்றில் இருந்தது தங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள் என்று நினைத்தேன். "சாப்பிட்டியா?" என்றாள். அதைத் தாங்க முடியவில்லை. நான் கேட்டேன், "ரங்கம்மா, உள்ள இருந்து கத்துனியா?"

"தெரியல செல்லம். மூட்டை வுழுந்தது தெரியும். பொறவு நினைப்பில்ல. கத்தியிருப்பேன். சத்தமாத்தான இருந்துச்சு, யாருக்குக் கேக்கும்."

கச்சேரியில் என் காதில் என்ன விழுந்தது, அதைப் பற்றிப் பேச்சியிடம் என்ன சொன்னேன் என்று அவளிடம் நான் சொல்லவில்லை. இன்றைக்கு வரைக்கும் யாரிடமும் சொல்லவில்லை. பேச்சி மறந்திருப்பாள்.

ரங்கம்மாவின் பேரை ரோலில் இருந்து அடித்துவிட்டார்கள். எனக்குப் பத்து நாள் வேலை இல்லை. மேஸ்திரி அக்கா என்னைக் காப்பாற்றவும் இல்லை, கூட்டிச் சொல்லவும் இல்லை. நடந்ததை நடந்தபடி மானேஜரிடம் சொன்னார். பதினோராம் நாள் நான் போனபோது, வேறு யாரையாவது கடைசியில் போட்டிருப்பார், நான் நடுவில் எங்காவது ஒளிந்துகொள்ளலாம் என்று நினைத்தேன்.

"அங்கன எங்க போற? உன் எடம் கடைசிதான். நீ ரிடையர் ஆகுற வரைக்கும் நீதான் கடைசி ஆளு" என்றார்.

அது தண்டனையா, நம்பிக்கையா என்று நான் கேட்கவில்லை. அவர் இன்னொன்றும் சொன்னார். அதை எல்லாரையும் நிறுத்தி வைத்துச் சொன்னார்: "ஆறு மாசத்த எங்கிட்ட மறைக்கிற மாதிரி நான் நடந்திருக்கேன். அது செல்லத்தோட தப்பு இல்ல, என் தப்பு. இனிமே எவளுக்கு நாள் தள்ளுனாலும் எங்கிட்ட முதல்ல சொல்லுங்க. மானேஜர்ட்டச் சண்ட போடுறது என் வேல." சண்டையும் போட்டார். எல்லாச் சண்டையிலும் ஜெயிக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எங்கள் ஷெட்டில் யாரும் சாக்கை இடுப்பில் கட்டவில்லை.

நான் மேஸ்திரி ஆனபோது செய்ததும் இதுதான். நீங்களும் ஒரு நாள் பத்துப் பேரை வைத்து வேலை வாங்குவீர்கள். உண்மையைச் சொன்னால் சோறு போய்விடும் என்கிற இடத்தில் உங்களுக்குச் சரியான எண்ணிக்கை ஒருநாளும் வராது. எண்ணுகிற ஆளுக்கு ஒன்று சொல்கிறேன்: இருக்க வேண்டிய ஆளை எண்ணாதீர்கள், தொட்ட தலையை எண்ணுங்கள். விசித்திரமாக ஏதாவது சத்தம் கேட்டால், எத்தனை பெரிய மனிதர்கள் நடுவே உட்கார்ந்திருந்தாலும் எழுந்துபோய்ப் பார்த்துவிடுங்கள். பார்த்துவிட்டு அசட்டுச் சிரிப்புச் சிரித்துக்கொண்டு திரும்பி வருவது ஒன்றும் பெரிய கஷ்டம் இல்லை. நான் செய்யாததால் சொல்கிறேன்.

கடைசியாக ஒன்று கேட்கிறேன். எனக்கு மறதி என்று முதலிலேயே சொன்னேன். அது எந்த வருஷம், நாற்பது பேரா முப்பது பேரா, அந்தப் பாட்டை எழுதியது யார், அதற்கு என்ன பேர், ஒன்றும் எனக்குத் தெரியாது. உங்களில் படித்தவர்கள் இருக்கிறீர்கள். இந்த மாதிரி சங்கீதம் தெரிந்தவர்களை யாராவது கண்டால் விசாரித்துச் சரிபார்த்துச் சொல்லுங்கள். பெரிய முரசு அடித்த பிறகு, அந்த அமைதி வருவதற்கு முன்னால், மெல்லிசாக மூன்று தடவை பிடில் வாசிக்கிற இடம் ஒன்று அந்தப் பாட்டில் உண்டா? இரண்டாவது தடவை நான் பதற்றத்தில் கேட்காமல் விட்டிருக்கலாம். வாசிக்கிறவர் மறந்திருக்கலாம், அவரே மூட்டை இழுக்க வந்தவராக இருந்து கை நடுங்கியிருக்கலாம். உண்டு என்றால் ஒரு கார்டு போடுங்கள், எத்தனை வருஷம் ஆனாலும் பரவாயில்லை.

மற்றதையெல்லாம் சரிபாருங்கள். அன்றைக்கு நாங்கள் இருந்த எண்ணிக்கையை மட்டும் சரிபார்க்க வேண்டாம். அது இருபத்துமூன்று.